இன்டர்வியூ ஆப்ஷனல் என்றால் போகணுமா, வேண்டாமா?

வாசகர் கேள்வி, அக்டோபர் 14, 2024

"பையன் ஹைஸ்கூல் கடைசி வருடம். நவம்பர் 1-க்குள் எர்லி அப்ளிகேஷன், அதாவது முன்கூட்டிய விண்ணப்பம், போட வேண்டும். அவன் பட்டியலில் உள்ள பல அமெரிக்கக் கல்லூரிகள் இன்டர்வியூ ஆப்ஷனல் என்கின்றன. இவனோ கூச்ச சுபாவம், வேண்டவே வேண்டாம் என்கிறான். ஆப்ஷனல் என்பதெல்லாம் சும்மா பேச்சுக்கு, போகாதவனைச் சத்தமில்லாமல் கழித்துக்கட்டிவிடுவார்கள் என்பது என் கணிப்பு. சரியா?"

அக்டோபர் 14, இரவு

கழித்துக்கட்ட மாட்டார்கள். ஆனால் அழைப்பு வந்தால் போகச் சொல்லுங்கள்.

நான் படித்த கல்லூரிக்காகப் பல வருடங்களாக அலும்னி இன்டர்வியூ, அதாவது பழைய மாணவர் எடுக்கும் நேர்காணல், செய்து வருகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். சம்பளம் கிடையாது, காபிக் காசுகூட என் கையிலிருந்துதான். எனக்கு வந்து சேர்வது பிள்ளையின் பெயர், பள்ளி, மின்னஞ்சல், என்ன படிக்க ஆசை என்று ஒரு வரி. மார்க், எஸ்.ஏ.டி நுழைவுத் தேர்வு, விண்ணப்பக் கட்டுரையான எஸ்ஸே, ஆசிரியர் கடிதம் எதுவும் என் கண்ணில் படாது. முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் எழுதி அனுப்புவேன். கேட்கக்கூடாதவை என்று ஒரு பட்டியலும் தந்திருக்கிறார்கள்: மார்க் எவ்வளவு, வேறு எங்கெல்லாம் போட்டிருக்கிறாய், அப்பாவுக்கு என்ன வேலை. அதையும் மீறிக் கேட்கும் ஆட்கள் உண்டு. பையன் நாசூக்காகத் தட்டிக்கழிக்கலாம், தப்பில்லை.

கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறை வேறு. கலிபோர்னியா மாநில அரசின் யு.சி பல்கலைக்கழகங்களில், பெர்க்லி, யு.சி.எல்.ஏ எல்லாவற்றிலும், இளநிலைச் சேர்க்கைக்கு இந்தப் பேச்சே கிடையாது. ஜார்ஜ்டவுன் எதிர்ப்பக்கம்: உங்கள் ஊரில் அவர்களுடைய அலும்னி யாராவது இருந்தால் இன்டர்வியூ கட்டாயம். எம்.ஐ.டி ஆள் கிடைத்தால் ஏற்பாடு செய்யும், கிடைக்காவிட்டால் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. பிரின்ஸ்டனில் வேண்டாம் என்று அப்ளிகேஷனிலேயே குறித்துவிடலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இதற்கு 'அலும்னி உரையாடல்' என்று பெயர் மாற்றிவிட்டது. கொலம்பியா 2023-ல் அலும்னி இன்டர்வியூவையே மூடிவிட்டது. பிரவுன் அதற்குப் பதில் சின்ன வீடியோ ஒன்றை எடுத்து அனுப்பச் சொல்கிறது, சிகாகோ பல்கலைக்கழகமும் அந்த வழிக்குப் போய்விட்டது. உங்கள் பட்டியலில் எது எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

அக்டோபர் 15

நேற்று விட்டுப்போனது. 'காமன் டேட்டா செட்' என்று பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் ஓர் அறிக்கை போடும். கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் சி7 என்ற அட்டவணையில் இன்டர்வியூவுக்கு ஒரு வரி இருக்கும்: மிக முக்கியம், முக்கியம், கருத்தில் கொள்வோம், கொள்ளமாட்டோம் என நான்கில் ஒன்றில் குறி போட்டிருப்பார்கள். அதே அட்டவணையில் 'மாணவர் காட்டும் ஆர்வம்' என்பதற்கும் ஒரு வரி உண்டு. அந்த இரண்டாவது வரி 'முக்கியம்' என்றிருந்தால், இன்டர்வியூவுக்கு வரமாட்டேன் என்பதும் ஒரு பதிலாகவே படிக்கப்படும். வாட்ஸ்அப் ஜோசியத்துக்கு இது எவ்வளவோ மேல்.

அக்டோபர் 27

"சரி, எவ்வளவு எடை?" என்று மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள்.

நான் ஆஹா ஓஹோ என்று எழுதிய பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்கவில்லை. நூற்றில் நான்கைந்து பேரை எடுக்கும் இடத்தில் என் ஒரு பக்கம் என்ன செய்துவிடும்? மோசமாக எழுத நேர்ந்தது அபூர்வம். பணிப்பெண்ணிடம் எரிந்து விழுந்த ஒரு பையன் ஞாபகத்தில் இருக்கிறான். அதை அப்படியே எழுதினேன். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. நான் எழுதாமல் விட்டிருந்தாலும் அநேகமாக அதே முடிவுதான்.

பிறகு எதற்காகக் கல்லூரிகள் இத்தனை ஆயிரம் பேரைக் கட்டி மேய்க்கின்றன? வருடக்கணக்கில் பார்த்ததில் எனக்குத் தோன்றுவது: இந்த ஏற்பாடு பாதிக்கு மேல் எங்களுக்காக. படித்து முடித்து ஊர் ஊராகச் சிதறிப்போனவர்களைக் கல்லூரியோடு ஒட்டவைக்க இதைவிட மலிவான வழி இல்லை. வருடத்துக்கு நாலு பிள்ளைகளோடு உட்கார்ந்து 'நம்ம கல்லூரி எப்படித் தெரியுமா' என்று பேசுகிறவர், நன்கொடைக் கடிதம் வரும்போது குப்பையில் போடமாட்டார். நானே போடுவதில்லை.

என் மகள் அப்ளை செய்த வருடம் அவளுக்கும் ஓர் அழைப்பு வந்தது, வேறொரு கல்லூரியிலிருந்து. வந்தவர் படகோட்டும் அணியில் தான் இருந்த காலத்தை ஐம்பது நிமிடம் சொல்லியிருக்கிறார். இவளுக்குக் கிடைத்தது கடைசி ஐந்து நிமிடம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அந்த அங்கிளுக்குக் கண்டிப்பா சீட் கிடைச்சிடும்."

நவம்பர் 9

ஒத்திகை பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன், யாரென்று அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றித்தான்.

நூலகத்தில் சந்திப்பு. பையன் வந்தான், கூட அப்பாவும். "நான் அந்தப் பக்கம் இருக்கேன், நீங்க பேசுங்க" என்று இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் பிரித்தார். எதற்கு இந்தத் துறை என்று கேட்டேன். பையன் ஆரம்பித்தான், சிறுவயதிலிருந்தே என்று. தற்செயலாக அப்பா பக்கம் பார்த்தால், பத்திரிகைக்கு மேலே அவருடைய உதடு அசைகிறது. பையன் சொல்லச் சொல்ல அவரும் அரை வரி முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். நடுவில் பையன் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டான். அப்பா பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் "பொண்ணு நல்லாப் பாடுவா" என்று அம்மா பதில் சொல்லும் கதைதான். அறிக்கையில் என்ன எழுதுவது? மனப்பாடம் என்று எழுத மனசு வரவில்லை. கடைசியில் நூலக வாசலில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே அவன் தன் பாட்டுக்குப் பேசினான்: வீட்டருகே பேருந்து தினமும் தாமதம், அதனால் வந்து சேரும் நேரத்தைக் குறித்து வைக்க ஆரம்பித்தான், குறித்துப் பார்த்தால் பேருந்து தினமும் ஒரே நேரத்துக்குத்தான் வருகிறது, கால அட்டவணைதான் தப்பு. இதை அப்பா தயாரித்த பதில்களில் சேர்க்கவில்லை, உருப்படியான விஷயமாகத் தெரிந்திருக்காது. நான் எழுதிய பக்கம் முழுக்க அந்தப் பேருந்துதான்.

ஆகவே ஒத்திகை வேண்டாம் என்றில்லை. ஏன் இந்தக் கல்லூரி, எதில் நேரம் போவதே தெரிவதில்லை, என்னிடம் நீ என்ன கேட்கப்போகிறாய், இவற்றை ஒரு முறை யோசித்துவிட்டு வந்தால் போதும். மூன்றாவதுதான் பலருக்கு இடிக்கிறது. இணையதளத்திலேயே உள்ள விவரத்தை என்னிடம் கேட்கிறார்கள். "அங்கே உங்களுக்குப் பிடிக்காதது என்ன?" என்று கேட்ட பிள்ளைகளோடு பேச்சு தானாக நீண்டது.

நவம்பர் 10

டை கட்டலாமா என்று கேட்டவருக்கு: கட்டலாம். போன வருடம் ஜூமில் ஒருவன் கோட், டை எல்லாம் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். சார்ஜர் எடுக்க எழுந்தபோது கீழே பைஜாமா. இரண்டு பேரும் கண்டுகொள்ளவில்லை.

நவம்பர் 23

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: எடையே இல்லையென்றால் எம்.ஐ.டி முன்பு தன் தளத்தில் போட்டிருந்த கணக்குக்கு என்ன பதில்? இன்டர்வியூ செய்தவர்களிலும் ஆள் கிடைக்காமல் விலக்குப் பெற்றவர்களிலும் சேர்த்துப் பத்தில் ஒருவர் அளவுக்கு இடம் கிடைத்தது, தானாக வேண்டாம் என்றவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் என்று.

நல்ல கேள்வி. அந்தக் கணக்கை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் விலக்குப் பெற்றவர்கள் எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் பாருங்கள். யாரையும் சந்திக்காதவர்களைச் சந்தித்தவர்களோடு ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். அதாவது சந்திப்பு நடந்ததா என்பது பெரிய விஷயமில்லை, கொடுத்த வாய்ப்பை உதறினானா என்பதைத்தான் அது காட்டுகிறது. அந்தக் காலத்தில் மாணவரே அலும்னிக்கு எழுதி நேரம் கேட்க வேண்டும். அதைச் செய்யாதவர்களில் பாதிப்பேர் எஸ்ஸேயையும் கடைசி ராத்திரியில் எழுதியிருப்பார்கள். இன்டர்வியூ அவர்களைக் கெடுக்கவில்லை, அவர்கள் யார் என்பதைக் காட்டிக்கொடுத்தது.

கேள்வி கேட்டவரின் பையனுக்கு இது பொருந்தாது. அவன் உதறுவது சோம்பலால் இல்லை, பயத்தால். கோப்பைப் படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரிய வழியில்லை. அதனால்தான் போகச் சொல்கிறேன்.

டிசம்பர் 8

அக்டோபரில் 'எங்களுக்காக' என்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஹார்வர்ட் மீது ஆசிய அமெரிக்க மாணவர்கள் தரப்பில் 2014-ல் போடப்பட்ட வழக்கு. 2018 அக்டோபரில் பாஸ்டனில் விசாரணை. 2023 ஜூன் 29-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன அடிப்படைச் சேர்க்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது அந்த வழக்கில்தான். தீர்ப்பைப் பற்றி வாதாட நான் வரவில்லை. விசாரணையின்போது ஹார்வர்டின் மதிப்பெண் தாள்கள் வெளியே வந்தன. படிப்பு, பள்ளிக்கு வெளியே செய்தவை, விளையாட்டு, 'பெர்சனல்' எனப்படும் குணநலன் என்று தனித்தனி மதிப்பெண். அந்தக் கடைசி மதிப்பெண்ணில், பிள்ளைகளைப் பெரும்பாலும் நேரில் பாராத சேர்க்கை அலுவலர்கள் ஆசியப் பிள்ளைகளுக்குக் குறைவாகப் போட்டிருந்தார்கள். நேரில் உட்கார்ந்து பேசிய அலும்னியோ அவர்களுக்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் போட்டிருந்தார்கள். வழக்குப் போட்டவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டினார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து என் ஒரு பக்கத்தை நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுகிறேன். 'நல்ல மாணவி, கடின உழைப்பாளி' என்று எழுதினால் கோப்பில் ஏற்கெனவே உள்ள அச்சில் இன்னொரு பிரதி. அவள் எதற்குச் சிரித்தாள், எந்தக் கேள்விக்கு என்னை மறுத்துப் பேசினாள் என்று எழுதினால் அதை அவ்வளவு சுலபத்தில் ஒதுக்க முடியாது. எடை குறைவுதான், சரி. ஆனால் கோப்பு முழுக்கக் காகிதமாக இருக்கும்போது நேரில் பார்த்தவள் சாட்சி அது ஒன்றுதான்.

டிசம்பர் 9

"அப்படியானால் இன்டர்வியூ நல்லது என்கிறீர்களா?" அதற்குள் அவசரம். இதன் பூர்வீகம் அவ்வளவு சுத்தமில்லை.

1922-ல் ஹார்வர்டின் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவல், யூத மாணவர்கள் அதிகமாகிவிட்டார்கள், 15 சதவீதத்தில் நிறுத்தலாம் என்றார். வெளிப்படையான வரம்புக்குப் பேராசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சில வருடங்களில் வேறு வழி வந்தது: 'குணநலன்' பார்க்கிறோம் என்று புகைப்படம் கேட்டார்கள், நேரில் பார்த்தார்கள். மார்க்கால் தடுக்க முடியாதவர்களை மூக்கைப் பார்த்துத் தடுக்கலாம் அல்லவா.

நம்மவர்களுக்கு இன்டர்வியூ என்றாலே வயிற்றைக் கலக்குவதற்கும் காரணம் உண்டு. ஸ்ரீநகர் பிராந்தியப் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கு: எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம், கேட்டது பெரும்பாலும் அப்பா யார், எந்த ஊர். உச்ச நீதிமன்றம் 1980-ல் நேர்முகத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது, முடிந்தால் டேப்பில் பதிவு செய்யுங்கள் என்றும் சொன்னது. சிபாரிசுக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்ற தலைமுறையின் பிள்ளைகள் நாம். எல்லாமே மார்க்கில் இருக்கட்டும் என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. இங்கே இந்த ஆப்ஷனல் சமாசாரத்துக்கு மதிப்பெண் ஒதுக்கீடே கிடையாது என்பதுதான் ஆறுதல், அதுவேதான் குழப்பமும்.

டிசம்பர் 10

ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜைக் கொண்டுவந்து இதில் கலக்காதீர்கள். அங்கே இன்டர்வியூ செய்பவர் நாளை உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கப்போகிற ஆசிரியர். கணக்குக் கொடுத்து எதிரிலேயே போடச் சொல்வார். பட்டியலில் வந்தவர்களுக்கு அது கட்டாயம். இங்கே நாங்கள் வெறும் பழைய மாணவர்கள், பாதிப்பேருக்குக் கால்குலஸ் மறந்துபோயிற்று.

ஜனவரி 5, 2025

கூச்ச சுபாவத்துக்குத் திரும்புகிறேன், கேள்வியே அதுதானே.

கூச்சமான பிள்ளை எங்களுக்குப் புதிதில்லை. பதினேழு வயதில் முன்பின் தெரியாத பெரியவரோடு சரளமாகப் பேசுகிறவன்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஒரு பெண், முதல் இருபது நிமிடம் ஆமாம், இல்லை, தெரியவில்லை. காபிக் கோப்பையின் மூடியை அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக எதற்குக் கோபப்பட்டாய் என்று கேட்டேன். மூடி நின்றது. வாரக் கடைசியில் தான் வேலை பார்க்கும் கடையில், மிஞ்சிய ரொட்டியைக் கொடுக்காமல் குப்பையில் போடச் சொல்கிறார்கள் என்று ஆரம்பித்தாள். யாரிடம் பேசினாள், மேலாளர் என்ன சொன்னார், சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தது எல்லாம். நான் கடிகாரத்தைப் பார்க்கும்போது ஒன்றரை மணி நேரம்.

உங்கள் பையனிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: "எனக்குப் புதியவர்களிடம் பேச வர நேரமாகும்" என்று முதலிலேயே சொல்லிவிடலாம். சொன்னவர்களை நான் குறைத்து எழுதியதில்லை. எதிரில் இருப்பவர் படகோட்டும் அங்கிளாக இருந்துவிட்டால் கூச்சம் பிரச்சினையே இல்லை, தலையாட்டினால் போதும்.

ஜனவரி 19

அழைப்பு வரவில்லை, ரிஜெக்ட் என்று அர்த்தமா என்று ஒரே புலம்பல்.

இல்லை. சில ஊர்களில் விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அதிகம், அலும்னி குறைவு. யேல் போன்ற இடங்களில், கூடுதல் விவரம் தேவைப்படும் கோப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்து அழைப்பதாக வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். வராததை வைத்து ஜாதகம் கணிக்க முடியாது.

ஆனால் ஸ்பாம் பெட்டியைப் பாருங்கள். நான் அனுப்பும் முதல் மின்னஞ்சல் என் சொந்த முகவரியிலிருந்துதான் போகும், கல்லூரி முகவரியிலிருந்து இல்லை. பதிலை அம்மா எழுதக்கூடாது. "ஐ ஆம் அவைலபிள் ஆன் சாட்டர்டே, ஹி ஹாஸ் டென்னிஸ் ஆன் சண்டே" என்று ஒரு பதில் வந்திருக்கிறது எனக்கு. நான் எந்த நாளைக் குறிப்பது?

பிப்ரவரி 2

சென்னையிலிருந்து ஒரு மாணவி: "எனக்கு யாரும் எழுதவில்லை. என் பள்ளியிலிருந்து இதுவரை யாரும் அமெரிக்காவுக்கு அப்ளை செய்ததே இல்லை."

இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்துவது இதுதான். கலிபோர்னியாவில் புகழ்பெற்ற பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கல்லூரிக்கு ஏற்கெனவே தெரியும்; அந்தப் பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலர் வருடாவருடம் கடிதம் எழுதுகிறார். அவளுக்கு என் பக்கம் உபரி. இந்தச் சென்னைப் பெண்ணின் பள்ளியைப் பற்றி அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. அவளுக்குத்தான் நேரில் பார்த்த சாட்சி பயன்படும், அவள் இருக்கும் பக்கம்தான் அலும்னி அரிது. 2020-க்குப் பிறகு பெரும்பாலும் ஜூமுக்கு மாறியதில் கொஞ்சம் பரவாயில்லை, இங்கே இருக்கிறவர்கள் அங்கே உள்ளவர்களோடு பேசுகிறோம். காலை ஏழு மணிக்கு நான் கொட்டாவி விட, அங்கே ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிடும் சத்தம் கேட்கும். இனிஷியல்வியூ போலக் காசு வாங்கிக்கொண்டு பேட்டி எடுத்து அனுப்பும் நிறுவனங்களும் இருக்கின்றன, சில கல்லூரிகள் ஏற்கின்றன. ஏற்கும் என்று அந்தக் கல்லூரியே எழுதியிருந்தால் மட்டும் காசைச் செலவழியுங்கள்.

பெண்ணே, உன் பள்ளி எப்படிப்பட்டது, எத்தனை பேர் வகுப்பில், எந்தப் பாடங்கள் அங்கே கிடையாது என்பதை அப்ளிகேஷனில் கூடுதல் தகவல் பகுதியில் எழுதியிருக்கிறாயா? எழுதாவிட்டால் இப்போதும் கல்லூரியின் விண்ணப்பதாரர் போர்ட்டல் வழியாகச் சின்னதாக அனுப்பலாம். இன்டர்வியூவில் நான் எழுதியிருக்கக்கூடியதில் பாதி அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 30

முடிவுகள் வந்த வாரம். எங்களுக்கும் உங்களோடு சேர்த்துத்தான் தெரியவரும், முன்கூட்டி ஒன்றும் தெரியாது. கேட்காதீர்கள்.

ஏப்ரல் 6

கடைசியாக வந்த கேள்வி: வெயிட்லிஸ்ட் ஆகியிருக்கிறது, இன்டர்வியூ செய்தவருக்கு எழுதி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா?

வேண்டாம். அறிக்கையை அனுப்பியதோடு எங்கள் வேலை முடிந்துவிட்டது, அதில் ஒரு வரி சேர்க்கக்கூட வழியில்லை. எனக்கு அப்படி எழுதியவர்களுக்கு வருத்தம் தெரிவித்து இரண்டு வரி போட்டேன், வேறென்ன செய்ய. போர்ட்டலில் வெயிட்லிஸ்ட்டை ஏற்றுக்கொண்டு, இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் சேர்க்கை அலுவலகத்துக்குப் பையனே எழுதட்டும். டிசம்பருக்குப் பிறகு நடந்தது ஏதாவது இருந்தால் அதில் வரட்டும். வெயிட்லிஸ்ட்டில் எதுவும் நகர்வது பெரும்பாலும் மே 1-க்குப் பிறகுதான். அதற்குள் இடம் கிடைத்த இன்னொரு கல்லூரியில் டெபாசிட் கட்டிவிடுங்கள்.